பின்னணிப் பாடகர் முன்னாடியே பாடிவிடுவார்: டி.எம்.எஸ். குரலை வைத்து ஒரு விளக்கம்

பங்குனி நோம்பி. எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் கம்பம் நட்டு மூன்றாம் நாள். வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் டி.எம்.சௌந்தரராஜன் பாடிக்கொண்டிருந்தார். திண்ணையில் சாய்ந்திருந்த சின்ன மாமா ஆரம்பித்தார்.

"டி.எம்.எஸ். இருக்காரே, எம்ஜியாரு வாயசைக்கறதத் திரையில பாத்துட்டே பாடுவாரு. ஒரு எழுத்துப் பெசகாது. அந்தத் தெறம இன்னிக்கு எவனுக்கு இருக்குது?"

பக்கத்தில் இருந்த அவர் மருமகன் விடவில்லை. "அதெல்லாம் இல்லீங் மாமா. எம்ஜியாரு மாதிரியே மிமிக்ரி பண்ணுவாரு. அப்பறமா டப்பிங்ல சேத்திக்குவாங்க."

இரண்டு பேருக்கும் டி.எம்.எஸ். என்றால் உயிர். இரண்டு பேர் சொன்னதும் தப்பு. இவர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. பின்னணிப் பாடல், பின்னணி இசை, டப்பிங் மூன்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டித்தான் நம்மில் பலர் பேசுகிறோம். "பின்னணி" என்ற சொல்லும் ஆளைத் தடுமாற வைக்கிறது. திரைக்குப் பின்னால் ஒளிந்து நின்று யாரோ பாடுவதுபோல ஒரு படத்தை அது மனசில் வரைந்துவிடுகிறது.

## ஆண்டு விழா மேடையில் ஆரம்பிப்போம்

பள்ளிக்கூட ஆண்டு விழாவில் குழந்தைகள் சினிமாப் பாட்டுக்கு ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். பாட்டு ஸ்பீக்கரில் ஓடும். கண்ணன் வேஷம் போட்ட பையன் அதற்கு வாயசைப்பான். நான் பார்த்த ஒரு விழாவில் சரணத்தின் நடுவில் கரண்ட் போய்விட்டது. பாட்டு நின்றது. பையன் மட்டும் புல்லாங்குழலை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, வாயைத் திறந்தபடியே நின்றான். கூட்டம் சிரித்துத் தீர்த்தது.

சினிமாப் பாட்டு படமாகும் விதமும் கிட்டத்தட்ட இதுதான். பாட்டு முதலில் ஒலிப்பதிவு ஆகிவிடும். பிறகு படப்பிடிப்புத் தளத்தில் அந்தப் பதிவை ஸ்பீக்கரில் ஓடவிடுவார்கள். நடிகர் அதைக் கேட்டுக்கொண்டே வாயசைப்பார், கேமரா அவரைப் படம் பிடிக்கும். பதிவான பாட்டைத் தளத்தில் திரும்ப ஒலிக்கவிடும் இந்த ஏற்பாட்டுக்குத்தான் பிளேபேக் என்று பெயர். அதற்காகப் பாடிக் கொடுப்பவர் பிளேபேக் பாடகர். தமிழில் பின்னணிப் பாடகர் என்கிறோம். ஆக, பின்னணிப் பாடகர் படத்துக்கு முன்னாடியே பாடி முடித்துவிட்டுப் போய்விடுகிறவர்.

டப்பிங் இதற்கு நேர் தலைகீழ். அங்கே படம் முதலில், குரல் பிறகு. எடுத்து முடித்த காட்சியைத் திரையில் ஓடவிட்டு, உதட்டசைவைப் பார்த்து வசனம் பேசுவார்கள். சின்ன மாமா சொன்ன "பாத்துட்டே" என்ற வித்தை இங்கே உண்டு. அது வசனத்துக்கு, பாட்டுக்கு இல்லை.

பின்னணி இசை மூன்றாவது சமாச்சாரம். வில்லன் கதவைத் திறக்கும்போது நமக்கு மட்டும் கேட்கும் வயலின், தாய் அழும்போது வரும் ஷெனாய். அது கதைக்குள் இருப்பவர் காதில் விழாது.

சுருக்கிச் சொன்னால்: குரல் முன், படம் பின் என்றால் பிளேபேக். படம் முன், குரல் பின் என்றால் டப்பிங். இதை மட்டும் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக வந்துவிடும்.

## அந்தக் காலத்தில் ஏன் இது இல்லை?

கோவைக்காரர்களுக்கு சினிமா புதுச் சரக்கு இல்லை. ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவி வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டினார். 1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். அந்தப் பெயர் இன்றும் தெருப் பெயராக நிற்கிறது. ஆனால் அப்போதைய படங்கள் ஊமைப் படங்கள். தமிழ் பேசிய முதல் படம் 'காளிதாஸ்' வந்தது 1931-ல்தான்.

பேசும் படம் வந்த புதிதில் நடிகரே கேமரா முன் நின்று பாட வேண்டும். வாத்தியக்காரர்கள் படத்தில் தெரியாத மறைவில் உட்கார்ந்து வாசிப்பார்கள். நடிகர் மைக்கை விட்டு விலக முடியாது, தலையைச் சட்டென்று திருப்ப முடியாது. நடுவில் ஒரு காக்காய் கத்தினால் மறுபடி பல்லவியிலிருந்து. அதனால் அன்று கதாநாயகன் வேலைக்கு முதல் தகுதி சாரீரம். முகம், நடிப்பு எல்லாம் அப்புறம். எம்.கே.தியாகராஜ பாகவதரும் பி.யு.சின்னப்பாவும் கொடிகட்டிப் பறந்தது இப்படித்தான்.

1935-ல் நிதின் போஸ் வங்காளியிலும் இந்தியிலும் எடுத்த படத்தில் ஆர்.சி.போரால் இசையில் பிளேபேக் முறை வந்தது. தமிழில் 1938-ல் வந்த 'நந்தகுமார்' படத்தில் லலிதா வெங்கட்ராமன் நடிகைக்காகப் பாடிக் கொடுத்ததைத் தொடக்கமாகச் சொல்கிறார்கள். ஆனாலும் பாடத் தெரிந்த நாயகனை ஜனங்கள் லேசில் விட்டுவிடவில்லை. கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில் சுந்தர்ராவ் நட்கர்ணி இயக்கி, பாகவதர் நடித்துப் பாடிய 'ஹரிதாஸ்' 1944-ல் வெளியாகி, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது.

பிறகு காற்று திசை மாறியது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதர் சிறை சென்று 1947-ல் திரும்பியபோது பழைய மவுசு இல்லை. சின்னப்பா 1951-ல் காலமானார். அதற்குள் வாள் வீசவும் வசனம் பேசவும் தெரிந்த புது நாயகர்கள் வந்துவிட்டார்கள். எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த 'ராஜகுமாரி' (1947) ஜூபிடர் நிறுவனம் கோவையில் எடுத்த படம். அதில் அவருக்குப் பாடியவர் எம்.எம்.மாரியப்பா. நடிப்பவர் ஒருவர், பாடுபவர் ஒருவர் என்று தொழில் இரண்டாகப் பிரிந்தது. பாட்டுக்கென்று தனியாக ஆள் தேவைப்பட்டது.

## கோவைக்கு வந்த மதுரைக்காரர்

டி.எம்.சௌந்தரராஜன் 1922 மார்ச் 24-ல் மதுரையில் ஒரு சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் பேசிய மொழி சௌராஷ்டிரம். பின்னாளில் தமிழ் உச்சரிப்புக்கு அவரைத்தான் உதாரணம் காட்டினார்கள். வல்லின ற-வையும் இடையின ர-வையும் பிரித்துக் காட்டும் அந்த நாக்கைக் கேட்டு, அவர் வீட்டு மொழி வேறு என்று யாரும் சொல்லமாட்டார்கள். காரைக்குடி ராஜாமணி அய்யங்காரிடம் கர்நாடக சங்கீதம் கற்றார். பாகவதர் பாட்டுகளை அச்சு அசலாகப் பாடிக் கச்சேரி செய்துகொண்டிருந்தார்.

சினிமா வாய்ப்புத் தேடி வந்து சேர்ந்த ஊர் கோவை. திருச்சி ரோட்டில் சிங்காநல்லூர்ப் பக்கம் இருந்த சென்ட்ரல் ஸ்டுடியோ அன்று ஒரு தனி உலகம். 'ஹரிதாஸ்' எடுத்த நட்கர்ணியிடம் சில்லறை வேலைகள் செய்துகொண்டு காத்திருந்தார் என்பார்கள். நட்கர்ணி இயக்கிய 'கிருஷ்ண விஜயம்' 1950-ல் வெளிவந்தது. அதில் நரசிம்ம பாரதிக்காகப் பாடியதுதான் டி.எம்.எஸ்.ஸின் முதல் சினிமாப் பாட்டு. இசை எஸ்.எம்.சுப்பையா நாயுடு. கேட்டால் பாகவதர் வாடை தூக்கலாகவே இருக்கும். அதில் தப்பில்லை. அன்று "நல்ல குரல்" என்றால் பாகவதர் குரல் என்றுதான் அர்த்தம்.

அதே வருடம் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'மந்திரி குமாரி'யிலும் பாடினார். ஆனால் திருப்பம் 1954-ல்தான். கோவை பட்சிராஜா ஸ்டுடியோவில் ஸ்ரீராமுலு நாயுடு எடுத்த 'மலைக்கள்ளன்'. கதை நம் நாமக்கல் கவிஞருடையது, வசனம் மு.கருணாநிதி, நாயகன் எம்.ஜி.ஆர்., இசை மறுபடியும் சுப்பையா நாயுடு. ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் வாங்கிய படம். அதில் எம்.ஜி.ஆருக்காக டி.எம்.எஸ். பாடிய பாட்டு பட்டிதொட்டி எல்லாம் போனது. அதே வருடம் 'தூக்குத் தூக்கி'யில் சிவாஜிக்கும் பாடினார். ஒரே வருடத்தில் இரண்டு பெரிய நாயகர்களுக்கும் ஒரே குரல்.

இங்கேதான் மருமகனின் "மிமிக்ரி" வருகிறது. அதைப் பிறகு பார்ப்போம். முதலில் மாமாவின் கணக்கை முடித்துவிடலாம்.

## பார்த்துக்கொண்டே பாடினால் என்ன ஆகும்?

என் தாய்மாமன் ஒருவர் ரேடியோ செட்டு வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, நோம்பி எதுவானாலும் இரண்டு குழாய், ஒரு ஆம்ப்ளிஃபையர், ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டுகளோடு மாட்டு வண்டியில் போய் இறங்குவார். நாங்கள் பொடிசுகள் அவர் அசந்த நேரத்தில் ஒரு வேலை செய்வோம். நிமிடத்துக்கு 33 சுற்று சுற்ற வேண்டிய தட்டை 45-க்குத் தள்ளிவிடுவோம். கம்பீரமான டி.எம்.எஸ். சட்டென்று சின்னக் குழந்தை மாதிரிக் கீச்சிடுவார். மாமன் சாப்பாட்டுப் பந்தியிலிருந்து எழுந்து ஓடி வருவார், எச்சில் கையோடு.

அந்தக் குறும்புக்குள் பிளேபேக்கின் உயிர்நாடி இருக்கிறது. சினிமா கேமரா விநாடிக்கு 24 படம் எடுக்கிறது. தளத்தில் பாட்டை ஓடவிடும் கருவியும் பாட்டுப் பதிவான அதே வேகத்தில் பிசகாமல் ஓட வேண்டும். நூற்றில் ஒரு பங்கு வேகம் தவறினால்கூட, மூன்று நிமிடப் பாட்டின் முடிவில் ஏறக்குறைய இரண்டு விநாடி வித்தியாசம் வந்துவிடும். நாயகி வாயை மூடிய பிறகும் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். உதடும் ஒலியும் ஒரே நொடியில் சேர்வதை ஒத்திசைவு என்று வைத்துக்கொள்வோம்.

இன்னொன்று. பாட்டை முழுசாக ஒரே மூச்சில் படம் பிடிப்பதில்லை. பல்லவி இன்றைக்கு ஸ்டுடியோவுக்குள், முதல் சரணம் அடுத்த வாரம் ஆழியாறு அணைக்கரையில், கடைசி வரி மழை விட்ட பிறகு. ஒரு வரியையே தூரத்திலிருந்து ஒரு தடவை, முகத்துக்குப் பக்கத்தில் ஒரு தடவை எடுப்பார்கள். ஒவ்வொரு தடவையும் நடிகர் ஒரே வேகத்தில், ஒரே இடத்தில் மூச்சு வாங்கி வாயசைக்க வேண்டும். அவர் பிடித்துக்கொள்ள மாறாத கயிறு ஒன்று தேவை. பதிவான பாட்டுதான் அந்தக் கயிறு. பாடகர் பிறகு பார்த்துப் பாடுவதென்றால் கயிறே இல்லாமல் கிணற்றில் இறங்கின கதைதான்.

துணிக்கடைக் கணக்கில் சொன்னால், சட்டையை முதலில் தைத்துவிட்டு ஆளை அதற்குள் நுழைப்பது இது. உடம்பை வளைத்துச் சட்டைக்குப் பொருத்துவது நடிகரின் வேலை. கைதேர்ந்த நடிகர்கள் சும்மா வாயை மென்றுகொண்டு நிற்கமாட்டார்கள். ஸ்பீக்கரோடு சேர்ந்து வாய்விட்டே பாடுவார்கள். அப்போதுதான் கழுத்து நரம்பு புடைக்கும், நெஞ்சு ஏறி இறங்கும். சிவாஜியின் தொண்டையைப் பார்த்து "இவரேதான் பாடுறார்" என்று என் அப்புச்சி கடைசி வரை நம்பினார். தளத்தில் அவர்கள் போட்ட அந்தச் சத்தம் படத்தில் சேராது. நாம் கேட்பது ஒலிப்பதிவு அறையில் வாத்தியக்காரர்களோடு டி.எம்.எஸ். பாடியதை மட்டும்.

ஆக, உதட்டைப் பார்த்துப் பாட்டு வரவில்லை. பாட்டைக் கேட்டுத்தான் உதடு அசைந்தது.

## அளவெடுத்துத் தைத்த குரல்

இப்போது மருமகன் பக்கம். சட்டையை முதலில் தைத்தார்கள் என்றேன். ஆனால் இது திருப்பூர் பனியன் மாதிரி யார் போடுவார் என்று தெரியாமல் தைத்தது இல்லை. யாருக்குப் பாடுகிறோம் என்பது டி.எம்.எஸ்.ஸுக்குத் தெரியும். தையல்காரர் அளவெடுப்பதுபோல அந்த நடிகர் பேசும் குரலைக் காதால் அளந்துகொள்வார்.

'பராசக்தி'யில் சிவாஜிக்குப் பாடியவர் சி.எஸ்.ஜெயராமன். 'தூக்குத் தூக்கி'க்கு டி.எம்.எஸ். என்றபோது சிவாஜிக்குத் தயக்கம் இருந்ததாம். சிவாஜி பேசுவதைக் கவனித்துவிட்டு அதற்குத் தக்கபடி டி.எம்.எஸ். பாடிக் காட்ட, பிறகு மறுபேச்சில்லை என்று திரை வட்டாரத்தில் சொல்வதுண்டு. எம்.ஜி.ஆருக்குக் கொஞ்சம் மூக்கோடு, சிவாஜிக்கு அடித்தொண்டையும் நெஞ்சும் என்று ரசிகர்கள் அதை விவரிப்பார்கள். அது எப்படி முடிகிறது?

தண்ணீர்க் குழாயில் குடம் பிடித்தவர்களுக்குத் தெரியும். குடம் நிறைய நிறையச் சத்தம் மேலே ஏறும். எட்டிப் பார்க்காமலே "நிறைஞ்சிருச்சு" என்று சொல்லிவிடலாம். விழுவது அதே தண்ணீர்தான், உள்ளே இருக்கும் வெற்றிடத்தின் அளவுதான் மாறுகிறது. ஒரு வெற்றிடம் தன் அளவுக்கும் வடிவத்துக்கும் ஏற்ற ஒலிகளை மட்டும் பெருக்கிக் கொடுப்பதை ஒத்ததிர்வு என்பார்கள்.

நம் தொண்டைக்குள் குரல் நாண் என்று இரண்டு மடிப்புகள் இருக்கின்றன. மூச்சுக்காற்று பட்டு அவை அதிரும். ஆண் பேசும்போது பொதுவாக விநாடிக்கு 100 தடவைக்கு மேல். எவ்வளவு வேகமாக அதிர்கிறது என்பதுதான் சுருதி. ஆனால் குரல் நாண் மட்டும் தருவது வெறும் ரீங்காரம். அதற்கு மேலே உள்ள தொண்டை, வாய், மூக்கு என்ற மூன்று குடங்களில் ஒத்ததிர்ந்து வெளியே வரும்போதுதான் அது "இன்னார் குரல்" ஆகிறது.

சந்தேகம் இருந்தால் இப்போதே செய்து பாருங்கள். மூக்கை இறுக்கிப் பொத்திக்கொண்டு "எட்டுக் கட்டை" என்று சொல்லுங்கள். ஒன்றும் ஆகாது, சாதாரணமாகவே வரும். இனி அதேபோல் "நங்கையா" என்று சொல்லுங்கள் (எங்கள் பக்கம் உறவுக்காரப் பெண்ணைக் கூப்பிடும் சொல்). சளி பிடித்த மாதிரி இருக்கும். முதல் சொல்லில் மூக்குக் குடத்துக்கு வேலை இல்லை, இரண்டாவதில் உண்டு. மூக்குக்குப் போகும் கதவை எவ்வளவு திறப்பது என்பது அண்ணத்தின் பின்பக்கத் தசை கையில் இருக்கிறது. நாக்கை எங்கே வைப்பது, தாடையை எவ்வளவு இறக்குவது, எந்த எழுத்தில் அழுத்துவது என்பதெல்லாம் பழக்கத்தில் வருவது.

மிமிக்ரி செய்பவர் அடுத்தவரின் குரலையே போட்டுக்கொள்கிறார். சுருதி, இழுவை, தொனி, கனைப்பு எல்லாம் அந்த ஆளுடையது. டி.எம்.எஸ். செய்தது வேறு. குரல் அவருடையதேதான். கண்ணை மூடிக் கேட்டாலும் அரை வரியில் "டி.எம்.எஸ்." என்று சொல்லிவிடலாம். மூன்று குடங்களில் எதை எவ்வளவு திறப்பது, எழுத்துக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பதை மட்டும் ஆளுக்குத் தக்க மாற்றினார். மீதியை நம் கண் செய்துகொள்கிறது. எம்.ஜி.ஆர். முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்கும்போது ஒற்றுமையைத்தான் தேடுவோம், வித்தியாசத்தை இல்லை. இந்தப் பாதிப் பங்கை ரசிகர்கள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள், எனக்கும் சொல்லக் கொஞ்சம் மனசு வரவில்லை. ஆனால் 1969-ல் 'அடிமைப் பெண்'ணில் எஸ்.பி.பாலசுப்ரமணியம் எம்.ஜி.ஆருக்குப் பாடியபோதும் தியேட்டரில் யாரும் எழுந்து போய்விடவில்லை. அந்த இளம் குரலும் டி.எம்.எஸ். குரலும் மலைக்கும் மடுவுக்கும்.

இந்தப் பகுதியில் நினைவில் வைக்க வேண்டியது: சுருதி குரல் நாணில், குரலின் தன்மை மேலே உள்ள குடங்களில். டி.எம்.எஸ். மாற்றியது குடங்களைப் பயன்படுத்தும் விதத்தை.

## தனக்குத் தானே பிளேபேக்

'பட்டினத்தார்' (1962), 'அருணகிரிநாதர்' (1964) படங்களில் டி.எம்.எஸ்.ஸே நாயகன். "அதில் அவரே பாடி நடித்தார், ஆகவே அது பிளேபேக் இல்லை" என்று ஒருவர் என்னிடம் வாதாடியிருக்கிறார். முறை மாறவில்லை. முதலில் பாடிப் பதிவு செய்து, பிறகு தளத்தில் தன் குரலைத் தானே கேட்டு வாயசைப்பதும் பிளேபேக்தான். ஆள் ஒருவரா இருவரா என்பது கேள்வி இல்லை. குரல் முன்னா படம் முன்னா என்பதுதான் கேள்வி.

## மறுபடி கோவையில்

2003-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2010 ஜூன் 23 முதல் 27 வரை கோவை கொடிசியாவில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது. கருணாநிதி எழுதி ஏ.ஆர்.ரஹ்மான் இசையமைத்த மாநாட்டுப் பாடலைப் பாடியவர்களில் டி.எம்.எஸ்.ஸும் ஒருவர். அப்போது அவருக்கு 88 வயது. அவிநாசி ரோடு நெடுக ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். என்றோ பாடிப் பதிந்ததைத் திரும்ப ஓடவிட்டதுதான். அதைக் கேட்டபடியே பஸ்ஸுக்குக் காத்திருந்த கூட்டத்தில் நானும் இருந்தேன். மூன்று வருடம் கழித்து, 2013 மே 25-ல் சென்னையில் அவர் காலமானார்.

இதையெல்லாம் அன்று திண்ணையில் சின்ன மாமாவுக்குச் சொன்னேன். மூக்கைப் பொத்தி "நங்கையா"வும் சொல்லிப் பார்க்க வைத்தேன். உள்ளே இருந்து அத்தை "யாரு கூப்பிட்டது?" என்று எட்டிப் பார்த்தார்.

மாமா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப டி.எம்.எஸ். பாடினதக் கேட்டுட்டு, ஒரு எழுத்துப் பெசகாம எம்ஜியாருதான் வாயசைச்சாருங்கற?"

"ஆமாங் மாமா."

"அப்ப செரி" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நான் சொன்ன அந்தத் தெறம எம்ஜியாருக்குத்தான்."